இணைப்பு: ஒன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தம்பியின் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். வக்கீலம்மா, கை வைத்த ஒரே நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. அம்மா, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில், சுவரோரமாக. அம்மாவுக்கு அடுத்து தம்பியின் மனைவி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, இப்போதே எழுந்து எங்கோ போகப்போகிறவள் போல. தங்கையின் கணவர், பழைய பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியின் மேல். பெட்டி அவர் எடைக்கு மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி உட்காரவில்லை. மாடி வீட்டுக்கு ஏறும் படிக்கட்டின் முதல் படியில் நின்றாள். நான் கண்ணாடி மேசைக்கு உள்பக்கம், தம்பி உட்கார்ந்து வேலை பார்க்கும் முக்காலியில். எழுதுவதற்கு வெளிச்சம் அங்கேதான் இருந்தது. வேறு யாரும் அந்த இடத்தில் உட்கார முன்வரவும் இல்லை.

ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கி வைத்திருந்தோம். தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரிந்தன. சில கால்கள் நின்று, யோசித்து, பிறகு நகர்ந்தன. மேசைக்குள் யாரும் திரும்ப வந்து வாங்காத போன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையத்தில் செருகிய சீட்டு. சீட்டில் எண், தேதி, கோளாறு என்னவென்று ஒரு வரி. அந்தச் சீட்டு முறை நான் சொல்லிக்கொடுத்தது. அதற்கு முன்னால் தம்பி எல்லாப் போன்களையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கொட்டி வைத்திருப்பான்.

வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் தீர்ப்பை எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை என்றும், தண்டனையின் அளவை மட்டும்தான் எதிர்க்கலாம் என்றும் சொன்னார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்த போனில் இருந்த படங்களை வைத்து, அவரை மிரட்டிப் பணம் பறித்ததற்கு நான்கு வருடம். அந்தப் பணத்தை ரிப்பேர் வருமானம் போல பில் போட்டுக் காட்டி வெள்ளையாக்கியதற்கு மூன்று வருடம். இரண்டையும் சேர்த்து அனுபவிக்கலாம் என்று நீதிபதி சொல்லியிருந்தால் நான்கோடு முடிந்திருக்கும். ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று சொல்லிவிட்டார். ஆக, ஏழு. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். அதில் இருபத்தோரு நாள் போய்விட்டது.

“ஏன் சேர்த்துப் போடலைன்னு முப்பத்தொண்ணாம் பக்கத்துல காரணம் எழுதியிருக்கார்” என்று சொல்லி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசித்தார்.

குற்றவாளி கோபத்திலோ நெருக்கடியிலோ இதைச் செய்யவில்லை. மூன்று கடிதங்களும் நிதானமாக, பத்தி பிரித்து, தேதியிட்டு எழுதப்பட்டவை. திட்டி எழுதியிருந்தால் ஆத்திரம் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கடிதத்தின் மரியாதையே அதன் கொடுமை. பில்களில் ஒரு வரிசை எண்கூடப் பிறழவில்லை. இது நிதானமாகத் திட்டமிடும் ஒரு மனத்தின் வேலை. அந்த மனத்துக்கு இந்த நீதிமன்றம் சலுகை காட்டாது.

நான் தாளின் மேல் மூலையில் அன்றைய தேதியை எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.

மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார். சங்கடமான இடத்தில் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். “கடையில ரிப்பேர் ஆகாத போன் நாப்பது கிடக்கு. போனே இல்லாம ரிப்பேர் ஆனதுக்கு பில்லு இருபத்திரண்டு இருக்கு. நம்ம ஆளு திறமைசாலிதான் மச்சான்” என்றார். யாரும் சிரிக்காததால் அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வக்கீலம்மா தாள்களை மடியில் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டே, இந்தக் கடிதங்களைத் தம்பியே எழுதினாரா, வேறு யாராவது உதவினார்களா என்று கேட்டார். தம்பியிடம் மூன்று தடவை கேட்டாராம். மூன்று தடவையும் நான்தான் என்றே சொன்னானாம். எழுதிய மூளை வேறொருவருடையது என்றால், திட்டமிடும் மனம் என்கிற வாதம் அங்கேயே உடைந்துவிடும், சேர்த்து அனுபவிக்கட்டும் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும் என்றார்.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் இது மட்டும் கேட்டுவிட்டது.

“சின்னவனுக்கு ரெண்டு வரி சேர்ந்தாப்பல எழுத வராதேம்மா” என்றாள் வக்கீலம்மாவிடம். “பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர்கூட பெரியவன்தான் எழுதிக் குடுப்பான்.”

பெருமையாகத்தான் சொன்னாள். தம்பியின் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். படியில் நின்ற என் மனைவி யாரையும் பார்க்கவில்லை. தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டேன்.

வக்கீலம்மா அதற்கு மேல் தோண்டவில்லை. மனுவைத் தான் எழுதிக்கொள்வதாகவும், குடும்பத்தின் சார்பில் ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்றும் சொன்னார்: தம்பி எப்படிப்பட்டவன், யார் யார் அவனை நம்பி இருக்கிறார்கள், இதற்கு முன்னால் எந்த வம்புக்கும் போனதில்லை என்பது போல. யார் எழுதுவது என்று கேள்வியே எழவில்லை. ஆறு பேரில் ஐந்து பேர் என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார்கள்.

நான் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம். இன்னும் பதினான்கு மாதத்தில் ஓய்வு. குழாயில் தண்ணீர் வரவில்லை, கலங்கி வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறான் என்று வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. தண்ணீர் தர முடியாது என்பதை, படிக்கிறவர் நன்றி சொல்லும்படி எழுத வேண்டும். அது எனக்கு நன்றாக வரும். நான் படித்த சிறிய ஊர்ப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு வகுப்பு கடிதத்துக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். தேதி போடு, பத்தி பிரி, கடைசிப் பத்தியில் என்ன வேண்டும் எப்போதைக்குள் வேண்டும் என்று சொல், நகலை வைத்துக்கொள். இன்னொன்று: உள்ளே வைக்கும் தாளைக் கண்ணால் பார்க்காமல் ‘இணைப்பு: ஒன்று’ என்று அடியில் எழுதாதே. இவற்றை நான் இதுவரை மீறியதில்லை. என் கதை கெட்டது அதனால்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கடிதத்தின்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் பேசியபடி நடக்கவில்லை, கௌரவமாக நினைவுபடுத்த வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்று தம்பி வந்து நின்றான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டால் நான் அவன் எட்டாம் வகுப்போடு நின்றதைச் சொல்லிக்காட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் கேட்டான். எனக்கு உச்சி குளிர்ந்தது. கையால் எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்து இரண்டு விரலால் தட்டச்சு செய்து, என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அச்சிட்டதை அனுப்பினான்.

இரண்டாவது கடிதத்துக்கு ஒட்டிய உறை ஒன்றை என் வீட்டுக்கே கொண்டுவந்தான். இதையும் உள்ளே வைத்து அனுப்பப்போகிறேன், அதையும் எழுதிவிடு என்றான். அவன் டீ வாங்கி வருகிறேன் என்று போன இடைவெளியில், வழக்கப்படி, உறையைப் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு படம். மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியல்லாத ஒரு பெண்ணும். எனக்கு அவரைத் தெரியும். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையை மாதாமாதம் அவரிடம்தான் வாங்குவேன்.

உறையைத் திரும்ப ஒட்டினேன். கடிதத்தை எழுதினேன். அடியில் ‘இணைப்பு: ஒன்று’ என்று போட்டேன். தம்பி டீயோடு வந்தான். குடித்தேன்.

மூன்றாவது கடிதத்துக்குச் சொல்ல எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. அந்த மனிதர் அவகாசம் கேட்டுக் கெஞ்சியிருந்தார். “பொண்டாட்டிகிட்ட காட்டிடுவேன், நீ தொலைஞ்சேன்னு எழுதுண்ணா” என்றான் தம்பி, உறையில் இருந்தது ஏதோ கடன் சீட்டு என்றே நான் இன்னும் நம்புகிறேன் என்ற நினைப்பில், ஏதோ வேடிக்கை போலச் சிரித்துக்கொண்டே. அப்படியெல்லாம் எழுதக்கூடாது, நாகரிகமில்லை என்று நான் அவனைக் கண்டித்தேன். நான் எழுதியது இது: ‘தங்கள் இல்லத்தில் அமைதி நீடிக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். அது பதினைந்தாம் தேதி வரை தங்கள் கையில் இருக்கிறது.’ எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீதிபதி அந்த இரண்டு வரிகளையும் இரண்டு தடவை வாசித்தார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பில் விஷயமும் என்னுடையதுதான். பணத்தைச் சட்டைப் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவனிடம், கணக்கில்லாத பணம் கையில் இருக்கக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் பில் போடு, எண் விடாமல் போடு என்றேன். ஒழுங்காக இருக்கட்டுமே என்று சொன்னேன். அந்த ஒழுங்குக்குத்தான் சட்டத்தில் வேறொரு பெயர், தனியாக மூன்று வருடம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தம்பி மேல் ஒரு குற்றம்தான் இருந்திருக்கும்.

இவ்வளவுக்கும் அந்தப் பணத்தில் ஒரு காசும் என் வீட்டுப் படியேறவில்லை. அதை நான் பல நாள் எனக்கே சொல்லிச் சமாதானம் தேடியிருக்கிறேன். எதுவும் வாங்காமல் செய்தது அதைவிட மோசம் என்று பிறகு புரிந்தது.

அந்த மாதங்களிலும் மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் என்னை வழக்கம்போல ‘வாங்க சார்’ என்றுதான் கூப்பிட்டார். பத்து மாத்திரை அட்டையை அவர் கத்தரியால் நேராக வெட்டுவார். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு வெட்டு கோணியது. ஒரு மாத்திரை உடைந்து மேசையில் விழுந்தது. மன்னிக்கணும் சார் என்று சொல்லி அதற்குப் பதிலாக இன்னொன்று வைத்துக் கொடுத்தார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நான் சில்லறையை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் கடைசியில் தாங்க முடியாமல் போலீசுக்குப் போனார். படம் எப்படியும் அவர் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அந்தக் கடை பூட்டியிருக்கிறது.

தம்பி கிழித்தது நல்ல பிரதிகளைத்தான்; மூன்று வரைவுகளும் என்னிடம் இருக்கின்றன. அடித்துத் திருத்தியவை, என் கையெழுத்து, மூலையில் எண்ணும் தேதியும். சோதனை தம்பி வீட்டில்தான் நடந்தது. என் வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. நூல் கட்டிய அட்டைக் கோப்பில், ‘குடும்பம், பல்வகை’ என்ற தலைப்பில், அலமாரியின் மேல்தட்டில் அவை கிடந்தன. இரண்டு முறை கோப்பை அடுப்படி வரை எடுத்துப்போனேன். இரண்டு முறையும் திரும்பக் கொண்டுவந்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு, மாடியில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியின் மனைவி, தண்ணீரை நிறுத்தாமலே பேசினாள். குழந்தை உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தது.

“உங்களை நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல அத்தான். கேக்கக்கூடாதுன்னு அவர் சத்தியம் வாங்கியிருக்கார்.”

அடுத்த டம்ளரை எடுத்தாள்.

“பாப்பாவுக்கு இப்ப எட்டு. நாலு வருஷம்னா பன்னிரண்டு. ஏழுன்னா பதினஞ்சு. பன்னிரண்டு வயசுப் பொண்ணு வாசல்ல நிக்கற ஆளைப் பார்த்து அப்பான்னு ஓடி வரும். பதினஞ்சு வயசு உள்ளேருந்து யாருன்னு கேக்கும். அவ்வளவுதான்.”

டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்து டம்ளர்தான் இருந்தன. நான் என்னுடையதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அவள் கையை நீட்டி அதை வாங்கி, டீயைக் கொட்டிவிட்டு, அதையும் கழுவினாள்.

புதன்கிழமை அலுவலகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சிறைக்குப் போனேன். காரணம் என்று இருந்த இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.

பதினைந்து நிமிடம். நடுவில் தடித்த கண்ணாடி, இரண்டு பக்கமும் ரிசீவர். தம்பி வந்ததும் ரிசீவரின் ஒயரை உருட்டிப் பார்த்தான். எங்கே உடைந்திருக்கிறது என்று கை தானாகத் தேடியது. உடம்பு இளைத்திருந்தது. அம்மாவின் மாத்திரையை இப்போது எங்கே வாங்குகிறோம் என்று கேட்டான். இரண்டு தெரு தள்ளி என்றேன். சரி என்றான்.

பிறகு அவனே ஆரம்பித்தான். “வக்கீலம்மா குடைஞ்சு குடைஞ்சு கேக்கறாங்கண்ணா. நான்தான்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நீ அதையெல்லாம் மனசுல போட்டுக்காதே. உனக்கென்ன தெரியும்? ஒண்ணும் தெரியாத மனுஷனை ஏமாத்தி எழுத வாங்கினேன். நியாயமா பார்த்தா அதுக்கே எனக்குத் தனியா ஏழு வருஷம் போடணும்.”

வழியெல்லாம் மனதுக்குள் எழுதிப் பழகி வந்த வாக்கியங்கள் எதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

“நீ ஏமாத்தலடா” என்றேன். “அந்தக் கவரைப் பிரிச்சுப் பார்த்தேன்.”

“எந்தக் கவர்?”

“ரெண்டாவது லெட்டரோட வச்ச கவர். நீ டீ வாங்கப் போனப்ப.”

அவன் என்னைப் பார்த்தபடியே இருந்தான். கண்ணாடியின் அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அது ரிசீவர் வழியாக எனக்கும் கேட்டது.

“பார்த்துட்டா எழுதின?”

“பார்த்துட்டுதான்.”

“மூணாவதும்?”

“ஆமா.”

“பில்லுக்கு நம்பர் போடுன்னியே?”

“அதுவும்தான்.”

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் துடைத்தான். அடிக்க முடிந்திருந்தால் அடித்திருப்பான் என்று நினைக்கிறேன். நடுவில் கண்ணாடி இருந்ததற்கு வருத்தப்பட்டேன்.

“தினமும் படுத்ததும் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தேண்ணா” என்றான் கடைசியில். “மனசுக்குள்ள. என்னால உனக்கு ஒரு பழி வந்துடக்கூடாதேன்னு. அது முடிஞ்ச அப்புறம்தான் தூக்கமே வரும்.” ரிசீவரை மறுபடி கையில் பிடித்து, “இனிமே படுத்ததும் தூங்கலாம்” என்றான்.

மணி அடித்தது. எழுது என்று அவன் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்தவன் மறுபடி ரிசீவரை எடுத்தான். “அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அது நம்பாது.”

அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன். காது மந்தம் என்பதால் இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டு பேருமா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் நீதிமன்றத்தின் நடைவழியில் இருந்தார். பின்னால் யாரோ வழக்கு எண்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கியதுமே நிறுத்தச் சொன்னார்.

“ஒரு நிமிஷம் சார். நான் உங்க தம்பியோட வக்கீல். உங்க வக்கீல் இல்ல. நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையையும் அவருக்காக உபயோகிப்பேன். உங்களைக் காப்பாத்தறதுக்காக அரை வார்த்தைகூட நிறுத்தி வைக்க மாட்டேன். உங்களுக்குன்னு வேற ஒரு வக்கீலைப் பார்த்துட்டுப் பேசறது நல்லது. இப்ப யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்துவிட்டதாகச் சொன்னேன். சொல்வதைவிட எழுதினால் ஒழுங்காக வரும் என்றேன்.

அவர் ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும், கூவல் குறைந்தது. அதைப் புதுச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளச் சொல்லித் தனியாக ஒரு மனு போட வேண்டியிருக்கும், மேல் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று தான் உறுதி தர முடியாது, எடுத்துக்கொண்டால் இரண்டு தண்டனைகளையும் சேர்த்து அனுபவிக்க வழி பிறக்கலாம் என்றார். எழுதியவர் நிலைமை என்ன என்று நான் கேட்கவில்லை. அவராகவே, “உங்க வேலை, பென்ஷன் எதுவும் பழையபடி இருக்காது சார். நீங்க வெளியில இருக்கறதே சந்தேகம்” என்றார். பிறகு, “பதிவுத் தபால்ல அனுப்புங்க. கையில குடுத்தா, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுவீங்க. நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கேன்” என்றார்.

இரண்டு நாளில் எழுதினேன். எண்ணிட்ட பத்திகள். முதல் பத்தியில் நான் யார் என்பது. இரண்டாவதில் முதல் கடிதம். மூன்றாவதில் பில் புத்தகம். ஆறாவது பத்தி மருந்துக்கடைக்காரரைப் பற்றியது. அதில் மன்னிப்பு கேட்டால் அது எனக்கு ஏதோ சலுகை கேட்பது போல ஆகிவிடும் என்று, மாத்திரை உடைந்ததை மட்டும் எழுதினேன். கடைசிப் பத்தியில் என்ன வேண்டும் என்பதைச் சொன்னேன்: திட்டமிடும் மனம் என்று கருதப்பட்டது என்னுடையது, ஆகவே அதற்கான தண்டனையை உரிய இடத்தில் வைக்கும்படி வேண்டுகிறேன்.

சனிக்கிழமை காலை, நல்ல பிரதி எடுத்து முடித்ததும், சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அதுவரை நாங்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. மகள் வெளியூரில் படிக்கிறாள். பரீட்சை முடியும்வரை அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் மனைவி ஒருநாள் பொதுவாகச் சொல்லியிருந்தாள், எது தெரிய வேண்டாம் என்று சொல்லாமல்.

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து மெதுவாக வாசித்தாள். என் கடிதம் எதையும் அவள் அவ்வளவு நேரம் எடுத்து வாசித்ததில்லை.

“நாலாவது பத்தி பொய்” என்றாள்.

நாலாவது பத்தியில், உறைக்குள் இருந்ததை இரண்டாவது கடிதத்தை எழுதிக் கொடுத்த பிறகுதான் தற்செயலாக அறிய நேர்ந்தது என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. அலுவலகக் கடிதங்களில் இப்படித்தான் ஒரு சொல்லை நகர்த்தி வைப்போம். படிக்கிறவர் அங்கே கால் வைத்துத் தாண்டிவிடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பியிடம் வாய்விட்டுச் சொன்னவனின் கை, நீதிமன்றத்துக்கு எழுதும்போது தானாக ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

“அது எப்படி உனக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“அன்னிக்கு நீங்க சாப்பிடல. கொழுந்தன் டீயோட வரதுக்கு முன்னாடி நீங்க கவரை ஆவியில காட்டிப் பிரிச்சது என் அடுப்புலதான். கேஸைச் சிம்ல வச்சுட்டு மறந்துட்டீங்க. நான்தான் அணைச்சேன்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் அன்னிக்கே கேட்டிருக்கலாம். கேக்கல. அது என் கணக்கு, நான் பார்த்துக்கறேன். இதை மாத்தி எழுதுங்க. உள்ளே போறதுன்னு ஆனா முழுசாப் போங்க. பாதியை வீட்டுல வச்சுட்டுப் போனா யார் அதோட குடித்தனம் பண்றது?”

எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கோப்பை அவளே எடுத்து வந்தாள். அது எங்கே இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. மேலே தூசி இல்லை, துடைத்திருந்தாள்.

நான்காம் பத்தியைத் திரும்ப எழுதினேன். ‘உறையைப் பிரித்துப் பார்த்தேன். பார்த்த பிறகு இரண்டாவது கடிதத்தை எழுதினேன். மூன்றாவதையும் எழுதினேன்.’ என் வாழ்நாளில் இவ்வளவு மட்டமாக நான் ஒரு பத்தி எழுதியதில்லை. ஒரு இணைப்புச் சொல்கூட இல்லை. அதை அலங்கரிக்கக் கை பரபரத்தது. பேனாவை மூடிவிட்டேன்.

நகல் எடுக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் முறை.

தபால் நிலையம் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு வரைதான். வாசலுக்கு உள்ளே, சாய்வான மேசையில், பசைக் கிண்ணமும் முடி உதிர்ந்த பிரஷும் இருந்தன. மனைவி நூல் முடிச்சை அவிழ்த்துக் கோப்பைப் பிடித்துக்கொள்ள, நான் மூன்றாவது வரைவை எடுத்தேன். ‘நீ தொலைஞ்சே’ என்று தம்பி சொன்னபடி முதலில் எழுதி, அதை ஒரே கோட்டில் அடித்து, மேலே ‘தங்கள் இல்லத்தில் அமைதி’ என்று எழுதியிருந்தேன். அடித்தது யார், எழுதியது யார் என்று யாருக்கும் சந்தேகம் வராது. அதை ஒருமுறை முழுவதும் பார்த்தேன். பார்த்த பிறகு, கடிதத்தின் அடியில் ‘இணைப்பு: ஒன்று’ என்று எழுதினேன்.

இரண்டையும் மடித்து உறையில் வைத்துப் பசை தடவினேன். அவள் தன் கட்டைவிரலால் மடிப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தினாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். எங்கள் முறை வந்ததும், கவுன்டரில் இருந்த பெண் உறையை எடை போட்டு, பின்பக்கம் திருப்பி, அனுப்புகிறவர் பெயர் தெளிவாக இல்லை என்று திருப்பி நீட்டினாள். உண்மைதான். எப்போதும் முத்து முத்தாக எழுதுகிறவன், அதை மட்டும் கிறுக்கியிருந்தேன். அவள் பேனாவையே வாங்கி, என் பெயரையும் விலாசத்தையும் பெரிய எழுத்தில் மறுபடி எழுதிக் கொடுத்தேன். முத்திரை இரண்டு தடவை விழுந்தது. ரசீதைக் கிழித்து என்னிடம் தந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, உறையைத் தனக்குப் பின்னால் வாய் திறந்து கிடந்த சாக்கில் போட்டாள்.